ஒரே மலை மிதிவண்டி: உள்ளூர்த் தடத்துக்கும் ஆல்ப்ஸுக்கும் ஸ்டம்ப்ஜம்பர் இவோ

வீட்டில் ஒரே ஒரு மலை மிதிவண்டிதான் இருக்க வேண்டும், வாரந்தோறும் பக்கத்துக் காட்டுத் தடங்களில் ஓடுவதும் ஆண்டுக்கு ஒருமுறை ஆல்ப்ஸுக்கு வருவதும் அந்த ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எத்தனை மில்லிமீட்டர் ட்ராவல் (சக்கரம் சஸ்பென்ஷனில் மேலும் கீழும் நகரும் தூரம்) வேண்டும் என்பதைத்தான். நானும் அந்தக் கேள்வியோடுதான் தேடத் தொடங்கினேன். ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் இவோ கார்பன் வண்டியை நான்கு பருவங்கள் ஓட்டிவிட்ட பிறகு, அந்தக் கேள்விக்கு நான் கொடுத்த முக்கியத்துவம் அளவுக்கு மீறியது என்றே தோன்றுகிறது. ஆண்டின் பெரும்பகுதி எந்தத் தடத்தில் ஓட்டுகிறோமோ அந்தத் தடத்துக்காகச் சட்டகத்தை வாங்க வேண்டும். மலைப்பயணத்துக்கு வேண்டிய வலுவை டயரிலும் பிரேக்கிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த மதிப்புரை அந்த ஒரு கருத்தை வைத்தே இவோவை எடைபோடுகிறது.

ஸ்டம்ப்ஜம்பர் என்ற பெயர் 1981 முதல் இருக்கிறது. பெருமளவில் தயாரித்து விற்கப்பட்ட முதல் மலை மிதிவண்டி அதுதான். நான் சொல்லும் இவோ சட்டகம் 2020-இல் வெளிவந்தது. இதில் பின்சக்கரம் 150 மில்லிமீட்டரும் முன்சக்கரம் 160 மில்லிமீட்டரும் மேலெழுந்து இறங்கும். இரண்டுமே 29 அங்குலச் சக்கரங்கள். 2024-இல் ஸ்டம்ப்ஜம்பர் 15 வந்தபோது, அதுவரை தனித்தனியாக இருந்த ஸ்டம்ப்ஜம்பரும் இவோவும் பின்பக்கம் 145 மில்லிமீட்டர் ட்ராவல் கொண்ட ஒரே சட்டகமாக இணைந்துவிட்டன. ஆகவே இவோவைத் தேடுகிறவர் பெரும்பாலும் ஒருவர் ஓட்டிய வண்டியைத்தான் பார்ப்பார். இங்கே சொல்லப்படுபவற்றில் பெரும்பகுதி, 147-க்கு 160 (பின், முன் என்ற வரிசையில்) என்ற அளவுள்ள ஐபிஸ் ரிப்மோவின் இரண்டாம் பதிப்பு போன்ற அதே வகுப்பு வண்டிகளுக்கும் பொருந்தும்.

இந்த நடுத்தர வகுப்புக்கு இரு பக்கமும் வலுவான போட்டி உண்டு. 2022-இல் வந்த ட்ரெக் ஃப்யூயல் இஎக்ஸ் 140-க்கு 150. அதே ஆண்டு வந்த சான்டா க்ரூஸ் மெகாடவர் 165-க்கு 170. மலைக்குப் போகிறோமே, பெரியதையே வாங்கிவிடலாம் என்ற எண்ணம் இயல்பானது. ஆனால் உள்ளூர்த் தடம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு நிமிட ஏற்றம், ஒரு நிமிட இறக்கம், நடுவே வேர்கள் படர்ந்த சமதளம், மீண்டும் ஏற்றம். அங்கே வேகம் நம் காலிலிருந்தும், மேடுகளில் உடலை அழுத்தி எழுப்பும் அசைவிலிருந்தும் வர வேண்டும். 170 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் அந்த அழுத்தத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும். தடத்தின் நெளிவு சுளிவுகள் மழுங்கிப்போகும். பெரிய வண்டி உயிர்பெறும் வேகத்தை எட்டுவதற்குள் உள்ளூர் இறக்கம் முடிந்துவிடுகிறது. ஆண்டில் 51 வாரம் இப்படிச் சலித்துவிட்டு ஒரு வாரத்துக்காக அந்த எடையைச் சுமப்பது சரியான கணக்காக எனக்குப் படவில்லை.

மறுபுறம், இதற்கு முன் நான் வைத்திருந்த 130 மில்லிமீட்டர் வண்டியையும் ஆல்ப்ஸுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அதனால் இறங்க முடியாத தடம் என்று ஒன்று இருக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் மதியத்தில் விரல்களை மடக்க முடியவில்லை. இரவு உணவின்போது கரண்டியைப் பிடித்த கை நடுங்கியது. சின்னச் சின்ன அதிர்வுகள் அனைத்தையும் என் கைகளே வாங்கிக்கொண்டிருந்தன என்பது அப்போதுதான் புரிந்தது. 150-க்கும் 130-க்கும் இடையிலுள்ள 20 மில்லிமீட்டர் ஒரு தாவலில் பெரிதாகத் தெரியாது. ஒரு வாரத்தின் முடிவில் உடலில் எஞ்சியிருக்கும் தெம்பில் தெரியும்.

இவோவை இந்த வகுப்பின் மற்ற வண்டிகளிலிருந்து பிரித்துக்காட்டுவது அதன் கோணங்களை மாற்றிக்கொள்ளும் வசதி. ஹேண்டில்பாரைத் தாங்கும் தலைக்குழாய் தரையோடு எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்பது வண்டியின் குணத்தைப் பெருமளவு தீர்மானிக்கிறது. சாய்வு அதிகமானால், அதாவது பாகை குறைந்தால், முன்சக்கரம் நமக்கு முன்னால் தள்ளி நிற்கும். செங்குத்தான இறக்கத்தில் தலைகுப்புற விழுவோமோ என்ற அச்சம் குறையும். அதே அளவுக்கு, மெதுவான வளைவுகளில் முன்சக்கரம் மந்தமாகும், ஏற்றத்தில் அங்குமிங்கும் அலையும். தலைக்குழாயின் மேல்முனையில் பேரிங்கைத் தாங்கும் ஹெட்செட் கிண்ணத்தை இவோவில் திருப்பி வைத்தால் கோணம் இரு திசையிலும் ஒரு பாகை மாறும்; பின்புறக் கைகளில் இருக்கும் சிறு துண்டைத் திருப்பினால் இன்னொரு அரைப் பாகையும், மிதிகளின் அச்சு உயரத்தில் 7 மில்லிமீட்டரும் மாறும். மொத்தத்தில் 63 பாகையிலிருந்து 65.5 பாகை வரை ஒரே சட்டகத்தில் கிடைக்கிறது. 63 என்பது டவுன்ஹில் பந்தய வண்டிகளுக்கு உரிய கோணம், 65.5 சாதாரண ட்ரெயில் வண்டிக்கு உரியது.

இதைச் செய்வதும் கடினமில்லை. வண்டியைத் தாங்கியில் மாட்டி, முன்சக்கரத்தைக் கழற்றி, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மைத் தளர்த்தி, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைக் கீழே இறக்கினால் கிண்ணம் கைக்கு வந்துவிடும். பழைய கிரீஸைத் துடைத்து, புதிதாகத் தடவி, திருப்பி வைத்து, மீண்டும் இறுக்குவதற்கு எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. உள்ளூரில் நடு நிலையிலும் உயர்ந்த மிதி அச்சிலும் வைத்து 64.5 பாகையில் ஓட்டுகிறேன். ஆல்ப்ஸுக்குப் புறப்படும் முன் கிண்ணத்தைச் சாய்வான பக்கம் திருப்பி 63.5-க்குக் கொண்டுவருகிறேன், மிதி அச்சை உயரத்திலேயே விடுகிறேன், ஏனெனில் அங்குள்ள கற்களில் மிதி இடிப்பதை விரும்பவில்லை. முதல் முறை இப்படி மாற்றிவிட்டு ஃப்ரெஞ்சு ஆல்ப்ஸ் ஊரான மொர்ஸீனின் ஈரமான காட்டுச் சரிவுக்குள் நுழைந்தபோது, சென்ற ஆண்டு இறங்கி நடந்த அதே வேர்ப்படிக்கட்டில் கைகள் இறுகாமல் இறங்கினேன். திறமை கூடிவிடவில்லை, முன்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

கோணத்தைவிட முக்கியமானது பிரேக். இதைப் பற்றித்தான் வாங்குகிறவர்கள் மிகக் குறைவாகக் கேட்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மொர்ஸீன் ஊர் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; அங்கிருந்து பிளெனி லிஃப்ட் என்ற கம்பிவட வண்டி நம்மையும் வண்டியையும் சுமார் 500 மீட்டர் மேலே கொண்டுசேர்க்கிறது. உள்ளூரில் அரை நாள் முழுக்க மிதித்து ஏறி, துண்டு துண்டாக இறங்கும் உயரம், அங்கே ஒரே மூச்சில் நம் காலடியில் கிடக்கிறது. அதுவும் ஒரு நாளில் எட்டு, பத்து முறை. ஓட்டுபவர், வண்டி, முதுகுப் பை எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று கொண்டால், 500 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் கிட்டத்தட்ட 490 கிலோஜூல். பத்து நிமிடத்தில் இறங்கினால் அது 800 வாட்டுக்குச் சற்று மேல், அதாவது ஓர் இஸ்திரிப் பெட்டி அந்தப் பத்து நிமிடமும் சூடேறிக்கொண்டே இருப்பதற்குச் சமம். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி வெப்பம் முழுவதும் போய்ச்சேரும் இடம் இரண்டு மெல்லிய எஃகுத் தட்டுகளும் நான்கு சிறிய பேடுகளும்தான்.

என் பழைய வண்டியில் இரண்டு பிஸ்டன் பிரேக்கும் 180 மில்லிமீட்டர் டிஸ்க்கும் இருந்தன. உள்ளூர்த் தடத்தில் அவற்றைப் பற்றி நான் ஒருநாளும் குறைசொன்னதில்லை. பிளெனியிலிருந்து மூன்றாவது முறை இறங்கும்போது, பாதி வழியில் லீவர் வழக்கத்தைவிட உள்ளே வந்தது. அடுத்த வளைவில் இன்னும் உள்ளே வந்தது. அதற்கடுத்த வளைவில் லீவர் ஹேண்டில்பாரையே தொட்டுவிட, தடத்தின் ஓரப் புல்வெளியில் வண்டியைச் செலுத்தி ஒருவழியாக நிறுத்தினேன். கருகிய வாடை அடித்தது. டிஸ்க்கின் விளிம்பு நீலம் பாரித்திருந்தது. அன்று மாலை கழற்றிப் பார்த்தபோது பேடின் முகம் கண்ணாடி போல வழவழவென்று மின்னியது, நகத்தால் கீறினால் வழுக்கியது. இதில் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருந்தன. பேட் வெந்து மெருகேறிப் பிடிப்பை இழந்தது ஒன்று. ஒன்றரை ஆண்டாக மாற்றாத டாட் என்ற பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, அதனால் கொதிநிலை இறங்கி, உள்ளே ஆவிக் குமிழிகள் உண்டானது மற்றொன்று. ஆவி அழுந்தும், திரவம் அழுந்தாது. லீவர் உள்ளே போனதற்குக் காரணம் அதுதான். இரண்டுமே என் கவனக்குறைவு.

ஆகவே ஒரே வண்டி வாங்குபவருக்கு நான் விட்டுக்கொடுக்காமல் சொல்வது, நான்கு பிஸ்டன் பிரேக்கும் முன்னும் பின்னும் 200 மில்லிமீட்டர் அளவிலான டிஸ்க்கும் வேண்டும் என்பதே. 180-இலிருந்து 203-க்கு மாறினால் அதே விரல் விசைக்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடுதல் நிறுத்தும் விசை கிடைக்கும். அதைவிடப் பெரிய பயன், வெப்பத்தை வாங்கி வெளியேற்றக் கூடுதல் உலோகம் இருப்பது. உள்ளூரில் இது எடையில் ஒரு சிறு சுமை, அவ்வளவுதான். பேடைப் பொறுத்தவரை, உலோகத் தூள் கலந்த வகை வெப்பத்தையும் சேற்றையும் நன்றாகத் தாங்கும், ஆனால் குளிர்ந்திருக்கும்போது தாமதமாகப் பிடிக்கும், சத்தமும் போடும்; ரெசின் வகை உடனே பிடிக்கும், ஆனால் நீண்ட இறக்கத்தில் எனக்கு நேர்ந்தது அதற்கும் நேரலாம். மலைக்கு முதல் வகையையும் வீட்டுக்கு இரண்டாம் வகையையும் வைத்திருக்கிறேன். சில டிஸ்க்குகளில் ரெசின் பேடுக்கு மட்டும் என்று பொறிக்கப்பட்டிருக்கும். மாற்றும் முன் அதைப் பார்த்துவிட வேண்டும். புறப்படுவதற்கு முன் திரவத்தை மாற்றுவது என் பயணத் திட்டத்தில் தங்குமிடம் பதிவுசெய்வதற்கும் முன்னால் வருகிறது.

அடுத்தது டயர். பலரும் டயரின் பல்லமைப்பைப் பற்றியே பேசுகிறார்கள். அதன் உடலின் தடிமனைப் பற்றிப் பேசுவதில்லை. மேக்ஸிஸ் நிறுவனத்தின் அசெகை என்ற ஒரே டயர், ஒற்றை அடுக்கு எக்ஸோ உடலிலும் இரட்டை அடுக்கு டபுள்டவுன் உடலிலும் கிடைக்கிறது. மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், பக்கச்சுவரைக் கிள்ளிப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். இரட்டை அடுக்கு ஒரு டயருக்குச் சுமார் 200 கிராம் கூடுதல் எடை. சுழலும் விளிம்பில் ஏறும் அந்த எடையை உள்ளூர் ஏற்றம் ஒவ்வொன்றிலும் கால் உணரும். அதனால் வீட்டுத் தடத்துக்கு ஒற்றை அடுக்கே போதும் என்பது என் முடிவு. அதே டயரோடு மலைக்குப் போனதுதான் தவறு. கூரிய பலகைக்கற்கள் நிறைந்த ஒரு திறந்த சரிவில், பின்டயரின் பக்கச்சுவர் கத்தியால் கிழித்ததுபோல இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குத் திறந்துகொண்டது. டயருக்குள் ஓட்டையை அடைக்க ஊற்றியிருந்த சீலன்ட் திரவம் பீய்ச்சியடித்து என் முழங்கால் வரை வெள்ளையானது. பிளக் செருகினால் நிற்கவில்லை. காலியான பற்பசைக் குழாயிலிருந்து வெட்டி வைத்திருந்த துண்டை உட்புறம் ஒட்டுப்போட்டு, ட்யூபைத் திணித்து, குறைந்த காற்றில் நடைவேகத்தில் இறங்கினேன். நண்பர்கள் மூன்று முறை லிஃப்டில் ஏறி இறங்கிவிட்டார்கள்.

இப்போது இரண்டு இணை டயர்கள் வைத்திருக்கிறேன். மலைக்குப் போகுமுன் இரட்டை அடுக்கு ஏறுகிறது. காற்று முன்பக்கம் 22-இலிருந்து 24 பி.எஸ்.ஐ-க்கும், பின்பக்கம் 25-இலிருந்து 28-க்கும் உயர்கிறது. என் எடை 80 கிலோ. இலகுவானவர்கள் ஒன்றிரண்டு குறைத்துக்கொள்ளலாம். சட்டகத்தை மாற்றுவதால் கிடைக்கும் என்று நான் எதிர்பார்த்த நம்பிக்கையில் பாதியை இந்த டயர் மாற்றமே கொடுத்துவிட்டது என்றால் மிகையாகாது.

லிஃப்ட் இல்லாத ஆல்ப்ஸும் இருக்கிறது. எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும். காட்டுப்பாதையில் மூன்று மணி நேரம் ஏறி, கணவாயைத் தாண்டி, அடுத்த பள்ளத்தாக்கில் இறங்கும் நாட்களில் இவோவின் இருக்கைக்குழாய் ஏறக்குறைய 77 பாகையில் நிமிர்ந்திருப்பது பெரிய உதவி. இடுப்பு மிதி அச்சுக்கு மேலேயே அமைவதால், முன்சக்கரம் தூக்கிக்கொள்ளாமல் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். முன் பல்சக்கரத்தில் 30 பற்கள் வைத்திருக்கிறேன். பின்னால் பெரிய பல்சக்கரம் 52. மிதி ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 1.3 மீட்டர் நகரும். உள்ளூரில் 32 பற்கள் போதுமானதாக இருந்தன, ஆனால் 2,000 மீட்டருக்கு மேல் மூச்சு குறையும் இடத்தில் அந்த இரண்டு பற்கள் குறைவாக இருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியிருக்கிறேன். வீடு திரும்பிய பிறகும் 30-ஐ மாற்றவில்லை. பின்பக்க சஸ்பென்ஷனான ஷாக்கை இறுக்கும் ஏற்றச் சுவிட்சை நீண்ட காட்டுப்பாதையில் போட்டுக்கொள்வேன். உள்ளூரில் அது எனக்கு நினைவுக்கே வருவதில்லை.

சஸ்பென்ஷனில் நான் தொடுவது மிகக் குறைவு. ஷாக்கின் நகர்வு 55 மில்லிமீட்டர். உட்கார்ந்தவுடன் அதில் 30 விழுக்காடு, அதாவது 16 அல்லது 17 மில்லிமீட்டர் அமிழ வேண்டும். மலைக்கு அதை மாற்றுவதில்லை. பிரேக் பிடித்துப் பிடித்துக் குழிவிழுந்த தடங்களில் அமிழ்ந்த சஸ்பென்ஷன் அடுத்த குழிக்குமுன் மீண்டும் நீள வேண்டும் என்பதால், அது திரும்பும் வேகமான ரீபவுண்டை மட்டும் ஒன்றிரண்டு சொடுக்கு வேகமாக்குகிறேன்.

விமானத்தில் கொண்டுபோகிறவர்களுக்கு எடை ஒரு தனிக் கவலை. மிதிகளோடு 14 கிலோவுக்குச் சற்று மேலிருக்கும் என் வண்டி, மலை டயர்களோடு 15 கிலோவை நெருங்குகிறது. பையின் எடையும் சேர்ந்தால் பல விமானங்களில் உள்ள 23 கிலோ வரம்புக்குள் அடங்கும், ஆனால் கருவிகளை அதே பையில் திணிக்க இடமிருக்காது. மின்சார மலை மிதிவண்டியை இந்தப் பட்டியலில் நான் சேர்க்காததற்கு ஒரு காரணம், 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரி பயணிகள் விமானத்தில் ஏற முடியாது என்பது. கியர் மாற்றும் டெரெயிலரைக் கழற்றிச் சட்டகத்தின் உள்பக்கம் கட்டிவிடுங்கள். அதைச் சட்டகத்தோடு இணைக்கும், உங்கள் வண்டிக்கான ஹேங்கர் ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். கீழ்க்குழாய்க்குள் மூடியோடு அமைந்த சேமிப்பறை இவோவில் நான் நாள்தோறும் பயன்படுத்துவது. ட்யூப், பம்ப், பிளக், அந்தப் பற்பசைக் குழாய்த் துண்டு எல்லாம் அதற்குள் இருப்பதால் உள்ளூரில் முதுகுப் பையே எடுப்பதில்லை.

வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டிய வரம்புகளும் உண்டு. உங்கள் உள்ளூர்த் தடம் பெரும்பாலும் சமதளமும் மண்பாதையும் என்றால் இந்த வண்டி உங்களுக்குக் கனமானது; 120 அல்லது 130 மில்லிமீட்டர் வண்டி வாங்கிக்கொண்டு, மலைக்குப் போகும் வாரத்தில் அங்கேயே வாடகைக்கு எடுப்பது மேல். மாறாக, போவதெல்லாம் லிஃப்ட் இருக்கும் பைக் பார்க்குக்கே, அதுவும் 2004-இலும் 2022-இலும் உலகச் சாம்பியன்ஷிப் நடத்திய லே ஜே போன்ற இடங்களின் பெரிய தாவல்களுக்கே என்றால், 150 மில்லிமீட்டர் உங்களுக்கு விரைவில் போதாமல் போகும். அளவைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் தேவை. இவோவின் அளவுகள் எஸ்1 முதல் எஸ்6 வரை. உயரத்தைவிட ஓட்டும் முறையை வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது நிறுவனம். நான் எஸ்3-க்கும் எஸ்4-க்கும் நடுவே தவித்து, 475 மில்லிமீட்டர் ரீச் (மிதி அச்சிலிருந்து தலைக்குழாயின் மேல்முனை வரையிலான கிடைமட்ட நீளம்) உள்ள எஸ்4-ஐ எடுத்தேன். மலையில் அந்த நீளம் நிலைத்தன்மை தந்தது. உள்ளூரின் நெருக்கமான வளைவுகளில் உடலை முன்னே கொண்டுவர ஒரு பருவம் பழக வேண்டியிருந்தது. உள்ளூரே முதன்மை என்ற என் சொந்தக் கருத்தின்படி பார்த்தால் எஸ்3-ஐ எடுத்திருக்க வேண்டும்.

ஒருவர் ஓட்டிய இவோவைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், பெயிண்ட் கீறல்களில் நேரத்தைச் செலவிடாதீர்கள். பின்சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்க்கின் பளபளக்கும் குழாய்களில் விரலை ஓட்டி, கீறல் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். கார்பனில் மிதி அச்சுக்கு அருகே கல் அடித்த தடம் இருந்தால் நாணயத்தால் தட்டி, ஓசை அந்த இடத்தில் மட்டும் மந்தமாகிறதா என்று கேளுங்கள். பிரேக் சிறியதாக இருந்தால் அதை மாற்றும் செலவையும், ஓர் இணை இரட்டை அடுக்கு டயரின் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். அந்தத் தொகைக்கு உங்கள் பணம் எட்டவில்லை என்றால், கார்பனை விட்டுவிட்டு அலுமினியச் சட்டகத்துக்கு இறங்குங்கள். பிரேக்கிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.